தண்ணீர் நோட்டு

அவள் மயங்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. நேரம் அவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. விழும்போது அவள் கையிலிருந்த விரிப்பு கோணலாக உருளைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இயந்திரம் நின்றது. இயந்திரம் நின்ற நேரத்தை மேஸ்திரி குறித்து வைத்தார். ஆள் விழுந்த நேரத்தை யாரும் குறிக்கவில்லை.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. ஐந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் முன்வாசலில் அழுக்கு மூட்டையாக வந்து இறங்கும். பின்வாசலில் மடிப்புக் கலையாமல் வண்டி ஏறும். நடுக்கூடத்தில் சூட்டு உருளை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஈர விரிப்பின் மூலைகளைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு விரிப்புக்குப் பன்னிரண்டு வினாடி. அதற்குள் அடுத்தது கையில் இருக்க வேண்டும். அனல் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

எதிர்முனையில் நிற்பவளுக்கு ஆலையில் வெடி என்று பெயர். அவள் சிரித்தால் துவைக்கும் பகுதி வரை கேட்கும். பதினோரு வருடமாக இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து நிற்பவர்கள். ஒருத்தி கை இறங்கினால் மற்றவள் கை தானாக இறங்கும். யார் வீட்டில் என்ன சண்டை என்பது விரிப்பை இழுக்கிற வேகத்திலேயே மற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

அன்று அவளைத் தோளில் சாய்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதும் வெடிதான்.

டாக்டரம்மா ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு கேட்டார்.

"காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

அவள் யோசித்தாள். "ஒரு காபி குடிச்சேன்."

"தண்ணியக் கேட்டேம்மா."

டாக்டரம்மா மாத்திரை எழுதிய சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு விலகி, கைகால்களை நீட்டி மடக்கி, கண்ணுக்கு எட்டிய தூரத்தைப் பார்ப்பது. மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து மென்று சாப்பிடுவது. தினம் இருபது நிமிட நடை. ராத்திரி பத்துக்குள் படுக்கை.

"இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டாள்.

"இவ்வளவையும் செய்யறவங்களை நான் இன்னும் பாக்கல," என்றார் டாக்டரம்மா.

அவள் செய்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத பிறவி அவள். உருளைக்கு மேலே சுவரில் இருந்த பெரிய கடிகாரம் மணி காட்டியதும் டம்ளரை எடுப்பாள். அவள் விலகிப் போகும் மூன்று நிமிடமும் வெடி தலையணை உறைகளைப் போட்டுக்கொண்டிருப்பாள். உறைக்கு ஓர் ஆள் போதும்.

"வந்துட்டாம்மா கடிகாரம்," என்று வெடிதான் முதலில் சொன்னாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மாதத்தில் மேஸ்திரி முதல் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கடிகாரம் அக்கா.

கேலி செய்தவர்களே பிறகு கூட வந்தார்கள். நான்கு மாதத்தில் கடிகாரத்துக்குத் தலைசுற்றல் நின்றது. முகத்தில் தெளிவு வந்தது. இதைப் பார்த்து முதலில் டம்ளரைத் தூக்கியவள் வெடி. பிறகு மடிப்பு மேசைப் பெண்கள். மதியம் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு நான்கு வாய் அள்ளிப் போட்டவர்கள், பின்வாசல் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பேச்சும் சிரிப்புமாக அந்த அரைமணி போகும். மாதம் பத்துப் பேர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட இடத்தில் மூன்று பேர்கூடப் போடவில்லை.

அந்த நேரத்தில்தான் புது மேனேஜர் வந்தார். வயதில் சின்னவர். யாரையும் அதட்டாதவர், எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். லீவுக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர் கடிகாரத்தை அறைக்கு அழைத்தார். பத்தொன்பது வருட வேலையில் அந்த அறைக்குள் அவளுக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, தலைமை அலுவலகத்துல லட்சக்கணக்கா செலவு பண்ணி வெளியாளைக் கூட்டிட்டு வந்து வகுப்பு எடுக்கிறாங்க. ஒண்ணும் நடக்கல. நீங்க ஒரு டம்ளரை வச்சுக்கிட்டு நடத்திக் காட்டிட்டீங்க. இதையே நாம ஒரு திட்டமா செஞ்சா என்ன? நீங்கதான் பொறுப்பாளர்."

"எனக்குப் பேசல்லாம் வராது சார்."

"பேசவே வேணாம். நீங்க செய்யறதைச் செய்யுங்க. பாத்தே கத்துக்குவாங்க."

அவளுக்கு மஞ்சள் பேட்ஜ் கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். 'சின்னப் பழக்கம், பெரிய மாற்றம்' என்று எழுதி, அவள் படத்தைப் பெரிதாக்கி நுழைவாசலில் மாட்டினார்கள்.

வெடி அதன்முன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "என்னடி இது, தேர்தல்ல நிக்கிறியா? சின்னம் டம்ளரா?"

கடிகாரத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் முதல் காரியமாகப் புருஷனிடம் பேட்ஜைக் காட்டினாள். பேருந்து ஓட்டுகிறவர் அவர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை தெரியுமா உனக்கு?"

"உங்களுக்கு எதுலயும் நொட்டைதான்," என்று பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் நோட்டு வந்தது. நீளமான, கட்டம் போட்ட நோட்டு. பெயர், குடித்த தண்ணீர், இடத்தை விட்டுப் போன நேரம், திரும்பி வந்த நேரம். அதை எழுதும் பொறுப்பு கடிகாரத்துக்கு.

"போன நேரம், வந்த நேரமெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"யாருக்கு எவ்வளவு ஓய்வு தேவைப்படுதுன்னு தெரியணும் இல்லையா? கம்பெனி டாக்டர் பாத்து ஆலோசனை சொல்வார். முழுக்க முழுக்க உடம்புக்காகத்தான் அக்கா."

அவள் நம்பினாள். நம்பினதோடு நிற்கவில்லை, மாதாந்திரக் கூட்டத்தில், மேனேஜர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று பேசினாள். "நான் கடிகாரத்தைப் பாத்து நிமிஷம் பிசகாம எழுதறேன். எல்லாரும் ஒத்துழைக்கணும். நம்ம உடம்புக்காகத்தான்." கை தட்டினார்கள்.

ஆலையில் நாற்பது பெண்களுக்கு இரண்டு கழிப்பறை. இரண்டும் முன்வாசல் பக்கம், அழுக்கு மூட்டைகளைத் தாண்டிப் போக வேண்டும். போனால் வரிசை. முன்பு பெண்கள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று அடக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரே குடிக்காததால் அது முடிந்தது. இப்போது முடியவில்லை. வெடிக்குக் கொஞ்சமும் முடியவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது. போதாததற்கு அந்த மழைக்காலத்தில் நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது. கடிகாரத்தைத் தவிர யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் போய் இதையா சொல்வாள்?

ஒருநாள் திரும்பி வந்தவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"பதினோரு நிமிஷம்னு போட்டுட்டியா? அஞ்சுன்னு போடுடி."

"ஏன்?"

"ஏன்னா? ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போறேன். எல்லாம் பத்து, பதினொண்ணுன்னு இருந்தா நல்லாவா இருக்கு?"

"நீயா வேணும்னு போற? வரிசையில நின்னுதானே போற. உண்மையப் போட்டாத்தான் ரெண்டு கக்கூஸ் பத்தலன்னு அவங்களுக்குத் தெரியும். மூணாவது ஒண்ணு கட்டுவாங்க."

"கட்டுவாங்க, கட்டுவாங்க. எனக்குச் சமாதி கட்டுவாங்க." சொல்லிவிட்டு வெடி விரிப்பின் மூலையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்காக ஒரு தடவை கம்மியா எழுதேன்டி. யாரு பாக்கப் போறா?"

"டாக்டர் பாப்பாரு. தப்பா எழுதினா தப்பா மருந்து சொல்வாரு," என்றாள் கடிகாரம். அதை முழு மனதோடு சொன்னாள்.

வெடி அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

மூன்று மாதம் கழித்துப் பின்வாசலில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. விரிப்பைத் தானே பிடித்துத் தானே உருளைக்குக் கொடுக்கும் இயந்திரம். அதைப் பொருத்தி முடித்த வெள்ளிக்கிழமை ஐந்து பேருக்குக் கடிதம் கொடுத்தார்கள். முதல் கடிதம் வெடிக்கு. வேலை நேரத்தில் இடத்தை விட்டு அடிக்கடி விலகியிருந்தது, மூன்று மாதத்தில் மொத்தம் அறுபத்திரண்டு மணி நேரம் என்று இருந்தது. ஆதாரமாக நோட்டின் பக்கங்கள் நகலெடுத்து இணைக்கப்பட்டிருந்தன.

வெடி நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கையெழுத்து யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நின்ற கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காகிதங்களை நான்காக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள். விரிப்பின் ஒரு முனை தரையில் கிடந்தது. மறுமுனையைக் கடிகாரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மேனேஜரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனாள்.

"உடம்புக்காகன்னு சொன்னீங்களே சார்."

"உடம்புக்காகத்தான் அக்கா ஆரம்பிச்சோம். ஆனா அஞ்சு பேரை எடுக்கணும்னு மேலேருந்து உத்தரவு. எதை வச்சு எடுக்கறது? எனக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பாத்தா அது நியாயமா? எழுத்துல இருக்கறதுதான் நியாயம்."

"அது நான் எழுதினது!"

"ஆமா. அதனாலதான் யாரும் கேள்வி கேக்கல," என்றார் அவர். குரலை அப்போதும் உயர்த்தவில்லை.

வெடியின் வீட்டுக்கு அன்று மாலையே போனாள். வாசலில் மகன் நின்றான். "அம்மா தூங்கறாங்க." மாலை ஐந்து மணிக்கு! மறுநாளும் போனாள். அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் வெடியே கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"தண்ணி குடி, தண்ணி குடின்னவளும் நீ. குடிச்சவ எத்தனை நிமிஷம் போயிட்டு வரான்னு எழுதினவளும் நீ. இப்ப என்ன, அழுதேனா சிரிச்சேனான்னு எழுதிக்கிட்டுப் போக வந்தியா?"

"எனக்குத் தெரியாதுடி. சத்தியமா இதுக்குன்னு தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுதே. எட்டாங்கிளாஸ் தாண்டாதவ நான். எனக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியலன்னா, தெரிஞ்சுக்க நீ விரும்பலன்னு அர்த்தம். படம் மாட்டினாங்க இல்ல, அதான்."

கதவு சாத்திக்கொண்டது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருந்தது.

மற்ற நான்கு பேரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெடி விடவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டாள். விசாரணைத் தேதி தெரிந்ததும் கடிகாரம் தானாகவே சாட்சி சொல்ல வருவதாக எழுதிக் கொடுத்தாள்.

"என்ன சொல்லப் போற?" என்று புருஷன் கேட்டார்.

"நேரமெல்லாம் குத்துமதிப்பா எழுதினதுன்னு சொல்லப் போறேன். அந்த நோட்டு பொய்யின்னு ஆயிட்டா அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

"வயசைக்கூட ரெண்டு குறைச்சுச் சொல்ல வராதேம்மா உனக்கு."

"வரவழைச்சுக்கிறேன்."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

விசாரணை நாளன்று லீவு போட்டுவிட்டு அவரே கூட வந்தார்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரியம்மா. ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் வெடி. வெடி இளைத்திருந்தாள். கடிகாரத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

"ஆமாம்மா."

"எழுதியிருக்கற நேரமெல்லாம் சரிதானா?"

"இல்லம்மா. சாயங்காலம் மொத்தமா உக்காந்து குத்துமதிப்பா எழுதினது. கடிகாரத்தைப் பாக்கல. ஏதோ தோணினதைப் போட்டேன்." ஒப்பிப்பது போல வந்தது. அவளுக்கே கேட்டது.

மேனேஜர் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். நிமிஷம் பிசகாம எழுதறேன் என்று அவள் குரல் அந்த அறையில் கேட்டது. பிறகு கைதட்டல்.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷி என்று முகத்தில் தெரிந்தது. "கூட்டத்துல நாலு பேருக்கு முன்னால அப்படிப் பேசறது சகஜம்தான். செஞ்சது வேறயா இருக்கலாம்." பிறகு வெடியிடம் திரும்பினார். "எதிர்லயே நின்னு வேலை பாத்தது நீங்கதான். நீங்க சொல்லுங்க. இவங்க அப்பப்ப கடிகாரம் பாத்து எழுதினாங்களா, இல்ல, இப்ப சொல்ற மாதிரி குத்துமதிப்பா எழுதினாங்களா?"

ஒரு சொல் போதும். குத்துமதிப்பாகத்தான் என்று சொன்னால் முடிந்தது. கடிகாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர்கூட முதல் தடவையாக நாற்காலியில் நெளிந்தார்.

வெடி அப்போதுதான் அவளைப் பார்த்தாள்.

"இவளா? கடிகாரத்தைப் பாக்காம இவ கொட்டாவிகூட விடமாட்டா மேடம்," என்றாள். "எழுதினது அத்தனையும் உண்மை. நான் போனது உண்மை. பதினோரு நிமிஷம் ஆனதும் உண்மை."

"உடம்பு சரியில்லாம போனீங்களா? அந்த மூணு மாசத்துல டாக்டர்கிட்ட காட்டின சீட்டு ஏதாவது இருக்கா?"

"இல்ல. வேலையை விட்டுட்டு எங்க டாக்டர்கிட்ட போறது?"

அதிகாரியம்மா பேனாவை எடுத்து, மூடி, மறுபடியும் எடுத்தார். குறிப்பு உண்மை என்று நீங்களே சொன்ன பிறகு நான் செய்வதற்கு அதிகம் இல்லை என்றார். கழிப்பறைகளின் எண்ணிக்கை பற்றி ஆலைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். மேனேஜர் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

மாடிப்படியில் கடிகாரம் ஓடிப்போய் வெடியின் கையைப் பிடித்தாள்.

"ஏன்டி? ஏன் அப்படிச் சொன்ன? நான் என் வேலையைப் பணயம் வச்சு..."

வெடி கையை உதறவில்லை. மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "ஒரு தடவை, ஒரே தடவை, எனக்காகப் பொய் எழுதுன்னு உங்கிட்டக் கேட்டேன். அன்னிக்கு உனக்கு உன் நோட்டு சுத்தமா இருக்கணும். இன்னிக்கு உன் மனசு சுத்தமாகணும், அதுக்கு வந்து பொய் சொல்ற. ரெண்டும் உனக்காகத்தான். என்னை வச்சு நீ நிம்மதியா தூங்க வேணாம்."

"அதுக்காக உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?"

"என் தலை. என் மண்ணு," என்றாள் வெடி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழ்ப்படியில் நின்றிருந்த கடிகாரத்தின் புருஷன் ஒதுங்கி வழிவிட்டார். அவரிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனாள்.

கடிகாரத்தின் வேலை போகவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. மேனேஜர் அழைத்து, "உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க அக்கா, எங்களுக்குப் புரியுது," என்றார். பேட்ஜைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார். நோட்டு மடிப்பு மேசைப் பெண் ஒருத்திக்குப் போனது. வாசலில் இருந்த படத்தை யாரும் கழற்றவில்லை.

மூன்றாவது கழிப்பறையும் வந்தது. ஆனால் அதற்குள் பெண்கள் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவருவதையே நிறுத்தியிருந்தார்கள். நோட்டில் தங்கள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருப்பதுதான் எல்லோருக்கும் நிம்மதி. சுவரோரச் சாப்பாடும் நின்றுபோனது. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, யாரிடமும் பேசாமல், நான்கே வாயில் முடித்துக்கொண்டார்கள். கோடையில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள்.

கடிகாரமும் எல்லாவற்றையும் விட்டுவிடப் பார்த்தாள். தண்ணீரை, நடையை, நேரத்துக்குப் படுப்பதை. தண்டனை மாதிரி. ஒன்பதாம் நாள் தலை சுற்றியது. புருஷன் செம்பை நீட்டி, "அவளுக்காக நீ செத்தா அவ வேலை வந்துடுமா?" என்று கத்தினார். வாங்கிக் குடித்தாள். உடம்புக்கு மானம் ரோஷம் ஏது? கேட்டதைக் கொடுத்ததும் அது பாட்டுக்குத் தேறிக்கொண்டது. ரத்த அழுத்தம் சரியானது. தூக்கம் வந்தது. தூக்கம் வருகிறதே என்றுதான் காலையில் எழுந்ததும் வருத்தமாக இருந்தது.

வெடி ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கப் போவதாகக் கேள்விப்பட்டாள். வருடம் ஒன்றாகியிருக்கும். ஒருநாள் காலைப் பேருந்தில் ஏறியபோது, ஜன்னலோரம் வெடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெண்போல ஒருத்தி. கூட்டம் நெருக்கியதில் கடிகாரம் சரியாக அவர்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இறங்கிவிடலாமா என்று பார்த்தாள், வழியில்லை.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றாள் வெடி.

பக்கத்திலிருந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெடியின் காதோரம் குனிந்து, "யாருக்கா, சொந்தமா?" என்று கேட்டாள்.

"இல்ல. முன்னால ஒரே இடத்துல வேலை பாத்தோம்," என்று சொல்லிவிட்டு, வெடி டிக்கெட்டுக்குச் சில்லறை எடுப்பதற்காகப் பைக்குள் கையை விட்டாள்.